அருவா உறைக்கு ஐலெட் அடிக்கும் பக்குவம்

அருவாளுக்கு உறை செய்வது எப்படின்னு கேட்டு வருகிற நண்பர்கள் பெரும்பாலும் குழாயைச் சூடு பண்ணி மடிக்கிற வேலையோடு நின்னு போகிறார்கள். மடிப்பு அழகா வந்துடும். அதைப் பிணைக்கிற ஐலெட்டுல வந்துதான் மாட்டிக்குவாங்க. பின்பக்கம் நட்சத்திரம் மாதிரி பிளந்து நிற்கும், இல்லேன்னா பிளாஸ்டிக்கில் கீறல் ஓடும், அதுவும் இல்லேன்னா வளையம் லொடலொடன்னு சுத்தும். பிளந்த ஐலெட் ஒரு குட்டி ரம்பம். புடவை முந்தானையைப் பிடித்து இழுக்கும், கையைக் கிழிக்கும். சுத்துகிற ஐலெட் என்றைக்காவது ஒருநாள் கழன்று விழும். அன்றைக்கு அருவா இடுப்பில் அம்மணமாகத் தொங்கும். தென்னை மரத்தில் இருபது முழம் மேலே நிற்கிறவருக்கு அது என்ன அர்த்தம்னு சொல்லத் தேவையில்லை.

மிஷின் அறுப்பு வந்த பிறகு அருவாளுக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. டெல்டாவில் குறுவை, சம்பா, தாளடி எல்லாவற்றையும் இன்று பெல்ட் மிஷின்தான் அறுக்கிறது, உண்மை. ஆனால் நம்மைப் போல மரபு ரகம் போடுகிறவர்கள் கதை வேறு. ஆதிரெங்கத்தில் 2006-ல் நெல் ஜெயராமன் அண்ணன் தொடங்கிய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை வாங்கி, மறுவருஷம் நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுத்தவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறோம். அப்படிப் பரவிய மாப்பிள்ளைச் சம்பா ஆள் உயரம் வளரும். காட்டுயானம் அதையும் தாண்டும். கார்த்திகை மழையில் ஒரு காற்று அடிச்சா படுத்துடும். சேற்றில் படுத்த நெல்லை மிஷின் பாதியை விட்டுவிட்டுப் போகும், வைக்கோலையும் மென்னு துப்பிடும். மாட்டுக்கு நீள வைக்கோல் வேணும், விதை நெல் கலப்பில்லாமல் வேணும் என்றால் கருக்கருவாதான் கதி. போதாததற்கு வாழை, தென்னை, வரப்பில் அகத்தி, கிளரிசிடியா தழை வெட்டு. பசுந்தழை உரம் போடுகிற வீட்டில் வெட்டருவா தினமும் வெளியே வரும்.

எங்கள் திருவையாறு பக்கம் அறுப்புக்கு வரும் அக்காமார் லோடு வண்டியில் பன்னிரண்டு பேர், பதினைந்து பேர் நெருக்கியடித்து வருவார்கள். கருக்கருவா எல்லாம் ஒயர் கூடையில் சோத்துத் தூக்கோடு கிடக்கும். போன தை மாதம் வண்டி ஒரு பள்ளத்தில் குலுங்கியபோது கூடைக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்த அருவா ஓர் அக்காவின் கெண்டைக்காலில் இறங்கிவிட்டது. தையல், தடுப்பூசி, பத்து நாள் கூலி போச்சு. அறுப்பு நாள் பத்து போவது என்றால் வருஷ வருமானத்தில் எவ்வளவு என்று கூலிக்குப் போனவர்களுக்குத் தெரியும். நிலத்தில் ரசாயனம் போடாததை மட்டும் பேசிவிட்டு, நிலத்தில் வேலை செய்கிறவர் காலைப் பற்றிப் பேசாமல் இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அதற்குப் பிறகுதான் ஊரில் எல்லா அருவாளுக்கும் உறை என்று உட்கார்ந்தோம்.

பனையேறிகள் இடுப்பில் அருவாப்பெட்டி கட்டுவார்கள், பார்த்திருப்பீர்கள். அது நல்ல பொருள், செய்யத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் அதையே வாங்குங்க. தோல் உறையும் நல்லதுதான், ஆனால் டெல்டாவின் ஐப்பசி, கார்த்திகைக்கு அது சரிவராது. ஈரத்தைக் குடித்துப் பூஞ்சணம் பூத்து, உள்ளே இருக்கிற இரும்பையும் துருப்பிடிக்க வைக்கும். இயற்கை உழவன் பிளாஸ்டிக்கைத் தொடலாமா என்ற கேள்வி வரும். புதுசு வாங்காதீங்க என்பதுதான் என் பதில். மோட்டார் கொட்டகைக்குப் பின்னாடி உடைந்த பி.வி.சி. குழாய் கிடக்காத தோட்டம் உண்டா? அதைக் கொளுத்துவதைவிட உறையாக்குவது மேல். பி.வி.சி.யைக் கொளுத்தினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், நெஞ்சை அரிக்கும். டயாக்சின் என்ற நஞ்சும் உண்டாகும். வெளிநாட்டில் கத்தி உறைக்கு என்றே கைடெக்ஸ் என்ற தகடு விற்கிறார்கள். அதுவும் பி.வி.சி.யும் அக்ரிலிக்கும் கலந்ததுதான்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி வந்த கேனை வெட்டி உறை செய்யாதீங்க. எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம். கை படுகிற, வேர்வை படுகிற பொருள் இது.

வெட்டருவா, கொடுவா மாதிரி அகலமானதற்கு 75 மி.மீ. அல்லது 110 மி.மீ. குழாய், சுவர் சுமார் 2 மி.மீ. கனம் இருப்பது போதும். வெயிலில் கிடந்து சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்த குழாயை எடுக்காதீங்க. ஒரு விரல் அகலத் துண்டு அறுத்துக் கையால் வளைத்துப் பாருங்க. பட்டென்று முறிந்தால் அது ஐலெட் அடி தாங்காது. குழாயை நீளவாக்கில் அறுத்து, இரும்புச் சட்டியில் வறுத்த மணலில் புதைத்து எடுத்தால் ஊறிய தோல் மாதிரித் தொய்யும். நேரடி நெருப்பு காட்டக் கூடாது. நிறம் பழுத்தாலோ காட்டமான வாடை வந்தாலோ சூடு அதிகம். சமையல் சட்டி வேண்டாம், திறந்த வெளியில் செய்யுங்க, கையில் தடித்த துணி சுத்திக்குங்க. அருவாளில் இரண்டு சுற்று காகிதம் ஒட்டிவிட்டு, முதுகுப் பக்கம் மடிப்பு வரும்படி குழாய்த் தகட்டைப் போர்த்தி, இரண்டு பலகைக்கு நடுவில் மடித்த சாக்கு வைத்து இறுக்கி ஆறவிடுங்க. வெட்டு வாய் பக்கம் இரண்டு தகடும் ஒன்றோடு ஒன்று படிந்து ஒட்டி நிற்க வேண்டும். அந்தப் பட்டியில்தான் ஐலெட் வரிசை வரும். இது வரைக்கும் எல்லாரும் செய்துடறாங்க.

இனி ஐலெட்.

செருப்பு, பை தைக்கிற சாமான் விற்கும் கடையில் ஐலெட் என்று கேட்டால் தருவார்கள். தார்ப்பாய்க் கடையில் ரிங்கு என்பார்கள். ஒரு பக்கம் விரிந்த தலை, நடுவில் குட்டிக் குழல், தனியாக ஒரு வாஷர். குழலைத் துளையில் விட்டு, மறுபக்கம் நீட்டும் விளிம்பைச் சுருட்டி வாஷர் மேல் படிய வைப்பதுதான் வேலை. சுத்தியலால் நசுக்குவது வேறு, சுருட்டுவது வேறு. நூத்துக்குத் தொண்ணூறு பேர் நசுக்குகிறார்கள்.

கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி குழல் நீளம். செருப்பு ஐலெட் மெல்லிய தோலுக்கானது, குழல் குட்டை. நம்ம உறையில் 2 மி.மீ. தகடு இரண்டு, ஆக 4 மி.மீ., வாஷர் தனி. அதற்கு மேல் சுமார் 2 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். 1 மி.மீ. மட்டும் நீட்டினால் சுருள இடமில்லை, பிடிக்காது. 3 மி.மீ.க்கு மேல் நீட்டினால் விளிம்பு அளவுக்கு மீறி விரிய வேண்டியிருக்கும், அப்போதுதான் நட்சத்திரப் பிளவு. அதனால் தகட்டை அடுக்கி அளந்து எழுதிக்கொண்டு கடைக்குப் போங்க, அல்லது ஒரு துண்டையே கையில் எடுத்துப் போய் ஐலெட்டை வைத்துப் பாருங்க. நீளம் கூடினால் அரத்தால் தேய்த்துக் குறைக்கலாம், தேய்த்த விளிம்பைப் பொடி உப்புத்தாளால் வழவழப்பாக்கணும். சொரசொரப்பான விளிம்பில்தான் பிளவு தொடங்கும். நீளம் குறைந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

பித்தளை அல்லது அலுமினியம் வாங்குங்க. முலாம் பூசிய இரும்பு ஐலெட் பளபளன்னு இருக்கும், அடிக்கும்போதே முலாம் உரிந்து ஒரே மழைக்காலத்தில் துருப்பிடிக்கும். காந்தம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பித்தளையில் சில சரக்கு இறுகிப்போய் வரும். எல்லாம் சரியாகச் செய்தும் பிளந்தால் அந்த மொத்தப் பொட்டலத்தையும் சந்தேகப்படுங்க. கும்பகோணம் பாத்திரப் பட்டறையில் செய்வதுதான் மருந்து: பித்தளை அடிக்க அடிக்க இறுகும், நடுவில் அடுப்பில் காய்ச்சி இளக்குவார்கள். ஐலெட்டைக் கம்பியில் கோத்து நெருப்பில் காட்டி, நிழலில் மங்கலாகச் சிவப்பு தெரிந்ததும் எடுத்து ஆறவிட்டால் மெழுகு மாதிரி சுருளும். நிறம் கறுக்கும், புளி போட்டுத் தேய்த்தால் போச்சு. அலுமினியத்தை இப்படிக் காட்டாதீங்க, சிவக்கும் முன்னாலேயே உருகிவிடும்.

நீளமான ஐலெட் கிடைக்காதவர்களுக்கு நான் விரும்பிச் செய்கிற வழி ஒன்று இருக்கு. ஃபிரிட்ஜ், ஏ.சி. மெக்கானிக்கிடம் கால் இஞ்ச் செப்புக் குழாயின் வெட்டுத் துண்டுகள் கிடக்கும். வெளி விட்டம் 6 மி.மீ.க்குச் சற்று மேல், இளகின செம்பு. இதை உறையின் கனம், இரண்டு வாஷர், இரு பக்கமும் தலா 2 மி.மீ. சேர்த்து அறுத்துக்கொண்டால் அதுவே ஐலெட். இரண்டு பக்கமும் வாஷர் போட்டு, இரண்டு பக்கமும் சுருட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை கூடுதல். வேண்டிய நீளத்துக்கு நாமே அறுத்துக்கலாம் என்பதால் கனமான குழாய்க்கும் இது சரிப்படும்.

அடுத்தது துளை. ஆணியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்துவதை விட்டுடுங்க. உருகின பிளாஸ்டிக் துளையைச் சுற்றிக் கரை கட்டிக்கொள்ளும், துளை கோணலாகும், ஐலெட் அந்தக் கரை மேல் உட்கார்ந்து ஆடும், புகை வேற. டிரில்தான் வேணும், கையால் சுற்றுகிற டிரில் ஆனாலும் சரி. மடித்து ஆறிய பிறகே துளை போடணும், முன்னாடியே போட்டால் சூட்டில் இழுபட்டு இரண்டு தகட்டுத் துளையும் விலகும். அருவாளை உள்ளே வைத்து வெட்டு வாயின் கோட்டைப் பென்சிலால் வரையுங்க. துளையின் நடு அந்தக் கோட்டிலிருந்து 10 மி.மீ.யாவது தள்ளி இருக்கணும். வாய் ஐலெட்டில் உரசினால் கூர் போகும். வெளி விளிம்பிலிருந்தும் 8 முதல் 10 மி.மீ. விடுங்க, நெருங்கினால் அடிக்கும்போது அந்தப் பக்கம் விண்டுவிடும். அளந்த பிறகு அருவாளை வெளியே எடுத்துவிட்டுத்தான் துளை போடணும். இரண்டு தகட்டையும் கிளாம்பில் இறுக்கி, அடியில் வேண்டாத பலகை ஒன்று வைத்து, முதலில் 3 மி.மீ. பிட், பிறகு குழலின் விட்டம் என்னவோ அதே அளவு பிட். பலகை வைக்காவிட்டால் பிட் வெளியே வரும் இடத்தில் சில்லு பெயரும்.

குழல் கட்டைவிரல் அழுத்தத்தில் இறுக்கமாக உள்ளே போகணும். தானாக விழுகிற துளை பெரிய துளை. குழலுக்குப் பக்கத்தில் காலி இடம் இருந்தால் அடி வாங்கும்போது அது அந்தக் காலிக்குள் வீங்கிச் சாயும், விளிம்பு ஒரு பக்கம் மட்டும் கிழியும். பிளவுக்கு முதல் காரணம் பலர் நினைக்கிற மாதிரி சுத்தியல் அடி இல்லை, இந்தப் பெரிய துளைதான். துளை வாயில் நிற்கும் பிசிரைப் பெரிய பிட் ஒன்றைக் கையில் பிடித்து இரண்டு சுற்று சுற்றினால் சீவி எடுத்துடும். தூளைக் காகிதத்தில் வாங்கிக் கட்டி வையுங்க, வயலில் தட்ட வேண்டாம். பழைய பி.வி.சி. குழாயில் ஈயம் சேர்ந்திருக்கலாம்.

எல்லாத் துளையையும் ஒரேயடியாகப் போடாதீங்க. உறையின் வாய்ப் பக்கத்துத் துளை ஒன்று, அதற்கு ஐலெட், பிறகு நுனிப் பக்கம் ஒன்று, அதற்கு ஐலெட், பிறகு நடுவில் உள்ளவை. தகடு நகராது. இடைவெளி 30 முதல் 40 மி.மீ. போதும்.

அடிக்கிற இடம் சிமெண்ட் தரையாக இருக்கக் கூடாது, அடி துள்ளும். கறிக்கடையில் இருக்கிற மாதிரி ஒரு புளியங்கட்டை, அதன் மேல் கொல்லுப் பட்டறையில் கிடைக்கும் தட்டையான இரும்புத் துண்டு. ஐலெட்டோடு வரும் டையில் குழிவான கிண்ணம் ஒன்று இருக்கும், தலை அதில் பொருந்தி உட்காரணும். தட்டை இரும்பிலேயே தலையை வைத்து அடித்தால் தலை நசுங்கி வாள் மாதிரி விளிம்பு கட்டும். அழகான தலை வெளிப்பக்கம், சுருட்டும் பக்கம் உடம்புப் பக்கம் என்று கடைச் செருப்பில் பார்த்துப் பழகியிருப்போம். இடுப்பில் கட்டும் உறைக்கு நான் மாற்றித்தான் வைக்கிறேன். வழவழப்பான தலை உடம்புப் பக்கம் இருக்கட்டும், பார்வைக்கு எப்படி இருந்தா என்ன?

வாஷரைப் போட மறக்காதீங்க. தோலில் வாஷர் இல்லாமல் நிற்கும், பிளாஸ்டிக்கில் சுருள் விளிம்பு தகட்டைக் கீறி உள்ளே போகும், அந்தக் கீறல்தான் பிறகு விரிசலாக ஓடும். வாஷரின் குவிந்த பக்கம் மேலே, நம்மைப் பார்த்து இருக்கணும்.

இப்போது சுருட்டுவது. டிராக்டர் பேரிங்கிலிருந்து எடுத்த இரும்புக் குண்டு ஒன்று, குழல் வாயைவிடப் பெரியது, 10 முதல் 12 மி.மீ. இருந்தால் நல்லது. அதைக் குழல் வாயில் உட்கார வைத்துச் சின்னச் சுத்தியலால், கால் கிலோவுக்கு மேல் வேண்டாம், தட்டுங்க. தேங்காய் உடைக்கிற அடி இல்லை, ஆணியை நட்டு நிறுத்தத் தட்டுவோமே, அந்த அடி. ஒரு தட்டு, உறையைக் கால் சுற்று திருப்பு, இன்னொரு தட்டு. நாலைந்து தட்டில் விளிம்பு நாலாபுறமும் சமமாகப் பூ மாதிரி விரியும். குண்டு நாலு பக்கமும் ஒரே அளவு தள்ளுவதால் எந்த ஒரு இடத்திலும் இழுப்பு கூடாது. பிறகு குண்டை எடுத்துவிட்டு ஐலெட் பஞ்ச்சை நேராக நிறுத்தி மூன்று தட்டு. விளிம்பு தானே வெளிப்பக்கம் சுருண்டு வாஷரில் படியும். பஞ்ச் ஒரு நூல் சாய்ந்தாலும் ஒரு பக்கம் மடிந்து மறுபக்கம் நிற்கும், அதனால் உட்கார்ந்த வாக்கில் கண்ணுக்கு நேரே வைத்து அடிங்க. குண்டுக்குப் பேரிங் கிடைக்காதவர்கள் முனை உருண்ட போல்ட்டைத் தேய்த்து வைத்துக்கொள்ளலாம். கண்ணாடி போட்டுக்குங்க, பேரிங் குண்டு சரியாக உட்காராமல் அடித்தால் தெறிக்கும்.

மார்கழிப் பனியில் காலையில் அடிப்பதாக இருந்தால் துளை உள்ள பட்டிக்கு வெந்நீர்த் துணியால் ஒத்தடம் கொடுத்துவிட்டு அடிங்க. சில்லிட்ட பி.வி.சி. சுலபத்தில் விரியும். அடித்த இடத்தைச் சுற்றி வெள்ளை படர்ந்தால் பிளாஸ்டிக் வலிக்குது என்று அர்த்தம், அதோடு நிறுத்துங்க.

சரியாக வந்ததா என்று பார்க்க இரண்டு சோதனை. விரலால் திருப்பினால் ஐலெட் சுத்தக் கூடாது. சுத்தினால் இன்னும் ஒரு மெல்லிய தட்டு. அடுத்து ஒரு துணுக்குப் பஞ்சை எடுத்துச் சுருள் மேல் தேயுங்க. நார் எங்கேயும் மாட்டாமல் வந்தால் அது யார் இடுப்பிலும் கிழிக்காது. மாட்டினால் பொடி உப்புத்தாள். நட்சத்திரமாகப் பிளந்திருந்தால் தேய்த்துச் சமாளிக்காதீங்க, எடுத்துடுங்க. குறடால் பிடுங்கினால் துளை பெரிசாகிவிடும். குழலைவிட 2 மி.மீ. பெரிய பிட்டால் சுருள் பக்கத்தை மட்டும் மெதுவாகக் கடைந்தால் வளையம் கழன்று வரும், குழலை ஆணியால் தள்ளிவிடலாம். ஐலெட்டும் சேர்ந்து சுற்றினால் தலையைக் குறடால் பிடிச்சுக்கணும்.

கருக்கருவாளுக்கு இந்த மடிப்பு உறை சரிப்படாது. வளைந்த அலகு உள்ளே நுழையாது, கருக்குப் பல் பிளாஸ்டிக்கைக் கடிக்கும். அதற்கு வாய்மூடிதான். தென்னைக்கோ வாழைக்கோ போட்டு மாற்றின பழைய சொட்டுநீர்க் குழாய், 16 மி.மீ. லேட்டரல், அருவா வாயின் நீளத்துக்கு ஒரு துண்டு. நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு, இழுத்து நுழைக்காமல் முதுகுப் பக்கத்திலிருந்து விரித்துப் பல்லின் மேல் கவிழ்த்தால் தானாகக் கவ்வும். இரண்டு முனையையும் வெந்நீரில் காட்டித் தட்டையாக அழுத்தி ஆளுக்கொரு ஐலெட். இந்தக் குழாய் சுமார் 1 மி.மீ. கனம்தான், இரண்டு மடிப்பும் 2 மி.மீ., ஆகவே இங்கே மட்டும் குட்டைச் செருப்பு ஐலெட் அளந்து வைத்தாற்போல் பொருந்தும். ஆனால் இது மெத்தென்ற பிளாஸ்டிக், வாஷர் இல்லாவிட்டால் கயிறு இழுத்ததும் ஐலெட்டே பிடுங்கிக்கொண்டு வந்துடும். இரண்டு ஐலெட்டிலும் கயிறு கோத்து முதுகைச் சுற்றிப் பிடியில் ஒரு சுருக்கு. எங்கள் ஊரில் ஒரு சாயங்காலத்தில் நாலு பேர் உட்கார்ந்து பதினெட்டு வாய்மூடி செய்துவிட்டோம், அறுப்புக்கு வருகிற அக்காமாரில் மூன்று பேர் இப்போது என்னைவிடச் சுத்தமாக அடிக்கிறார்கள்.

மடிப்பு உறையில் இன்னும் ஒரு துளை பாக்கி. நுனியில், அருவா மூக்குக்குக் கீழே, 5 மி.மீ. துளை, இதற்கு ஐலெட் வேண்டாம். சேற்றுத் தண்ணீர் வடிய வழி. ஈர அருவாளைத் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்தாலும் மழைக்காலத்தில் உள்ளே வேர்த்துக்கொண்டே இருக்கும். இடுப்புக் கயிறுக்கு நைலானைவிடப் பருத்திக் கயிறு நல்லது, முடிச்சு வழுக்காது. ஐலெட் வழியாகப் போகிற இடத்தில் கயிறு தேய்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்க. ஒரே இடத்தில் நார் பிரிந்தால் அந்த ஐலெட்டின் விளிம்பில் பிசிர் இருக்கிறது.